ஒரே மூச்சில் சிதம்பரம்

முதுநகர், சிப்காட், காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், சி.முட்லூர், சிதம்பரம். இத்தனை ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, மிச்சமிருக்கும் மூச்சில் ‘ஏறு ஏறு ஏறு’ என்றும் சேர்த்துவிடுவார் பொன்னுரங்கம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். இருபது வருஷத்துக்கு மேல் அதே வழி, அதே படிக்கட்டு. ஒல்லியான ஆள். புதிதாக ஏறுகிறவர்கள், வேறு யாரோ பின்னால் நின்று கத்துவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் கெட்டது அந்தக் குரல் இல்லை. இடது கண்ணின் இமை. மாலை ட்ரிப்பில் அது தானாகப் பாதி இறங்கிக்கொள்ளும். முதுநகரில் காலிக் கூடையோடு ஏறும் மீன்காரப் பெண்கள் விடுவார்களா?

“என்னா கண்டக்டரே, பொழுது சாஞ்சா கண்ணடிக்கிறீங்க. வூட்டுல தெரியுமா?”

“வூட்டுல அடிச்சுப் பழகிட்டுத்தான வரேன்.”

அப்புறம் ஒரு நாள் காசு நீட்டிய கை இரண்டாகத் தெரிந்தது. எது நிஜக் கை என்று தெரியாமல் காற்றைப் பிடித்தார். ஓட்டுநர் சார்லஸ் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். இருவருக்கும் ஒரே வயது. பாதி ஆயுள் ஒரே பஸ்ஸில் போனதில் மச்சான் முறை தானாக வந்திருந்தது.

“மச்சான், நேத்து எந்தக் கடையில?”

“நான் என்னிக்குடா குடிச்சேன்?”

“அதான் கேக்குறேன். பழக்கமில்லாதவன் ஜாஸ்தியா ஊத்திக்கிட்டா இப்பிடித்தான் ஆவும்.”

கேலி எல்லாம் ஒரு மழைக்காலம் வரைதான். குரல் மூக்குக்குள் போனது. பரோட்டாவைப் பாதி மென்றதும் தாடை நின்றுவிட்டது. கையால் தூக்கிக் கொடுத்து மெல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் தண்ணீர் குடித்தார். விழுங்கிய தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி மங்கலம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் ஏன் எழுந்து போனாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு டாக்டர் மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் பக்கவாதத்தின் ஆரம்பம் என்றார். கடைசியில் சிதம்பரத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில், டாக்டர் இளமதி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, “மேல அந்த ஃபேனையே பாருங்க. நான் சொல்ற வரைக்கும் கண்ண எறக்காதீங்க” என்றார். பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இறக்கவில்லை, இமை தானாக இறங்கி, கடையின் ஷட்டர் போல மூடிக்கொண்டது.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். “நரம்பு சொல்லுது, தசைக்குப் போய்ச் சேரல. நடுவுல மறிக்கிறாங்க. மறிக்கிறது வெளியாள் இல்ல. கிருமி வந்தா சண்ட போடறதுக்குன்னு உங்க ரத்தத்துல இருக்கே, அதுவே ஆள் தெரியாம உங்களையே அடிக்குது.”

“எதுக்கு டாக்டர் என்னய அடிக்குது?”

“அது எங்களுக்கும் முழுசாத் தெரியாது. கண்ணு, தொண்டையோட நின்னா சமாளிச்சிடலாம். மூச்சுக்கு வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காம இங்க வந்துடணும்.”

நோயின் பெயர் அவருக்கு நிற்கவில்லை. ‘மூச்சுக்கு வந்துச்சுன்னா’ என்பது நின்றுவிட்டது.

மாத்திரை கொடுத்தார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் உலகம் ஒன்றாகும், இமை ஏறும், நாக்கு சொன்னபடி கேட்கும். சில மணி நேரம் போனால் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பலம் மூச்சுக்கு என்று கணக்கு. வீட்டில் அவர் எண்களை விட்டுவிட்டு ஊர்களைச் சொன்னார். தினமும் காலையில் பல் விளக்கி முடித்ததும் குழாயடியில் நின்று, முதுநகரில் தொடங்குவார். சில நாள் பி.முட்லூர் வரை போகும். சில நாள் புதுச்சத்திரத்திலேயே நின்றுவிடும். அவர்கள் வீடும் புதுச்சத்திரத்தில்தான். “ஊட்டோட நின்னுடுச்சு பாத்தியா” என்று மங்கலத்திடம் சிரிப்பார். அவள் அடுப்படியில் வேலையாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கும் காது கொடுத்திருப்பாள்.

இந்த நிலையில்தான் டாக்டர் அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். புது ஊசி ஒன்று. மறிக்கிறவர்களையே ரத்தத்திலிருந்து குறைக்கும் என்று நம்புகிறார்கள். பல ஊர்களில் ஒரே சமயத்தில் சோதிக்கிறார்கள். பழைய மாத்திரையும் தொடரும். ஆனால் சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர்.

சம்மதம் கேட்பதை வீடியோ எடுத்தார்கள். பொன்னுரங்கம் இஸ்திரி போட்ட சட்டையில், கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்கு எது வருதுன்னு எனக்கும் தெரியாது, இந்த சிந்துஜாவுக்கும் தெரியாது. புரியுதா?”

“அப்ப யாருக்குத்தான் டாக்டர் தெரியும்?”

“கம்ப்யூட்டருக்கு.”

“அது எந்த ஊர்ல இருக்குது?”

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற சிந்துஜாவும் சிரித்தாள். ஆய்வு வேலை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் கடலூர்ப் பெண் அவள். எல்லோருக்கும் சிஸ்டர். கேமராவை அணைத்த பிறகு அவள் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். “அண்ணா, தலைவலி, சளி, பேதின்னு எதுக்கா இருந்தாலும், ஒரு மாத்திரை புதுசா போடறதா இருந்தா மொதல்ல எனக்கு போன். சில மாத்திரை இந்த நோய்க்கு ஆவவே ஆவாது.” அவர் போனை வாங்கித் தன் எண்ணை அவளே பதிந்துகொடுத்தாள்: ஊசி சிந்துஜா.

நாலைந்து ஊசியிலேயே சிதம்பரம் வந்துவிட்டது. குழாயடியில் நின்று ஒரே மூச்சில் சிதம்பரம் சொன்ன அன்று, மங்கலம் அடுப்பை அணைக்காமலே வெளியே ஓடிவந்தாள். விட்ட வேலைக்குத் திரும்பினார். பஸ் நிலையத்தில் பழைய குரல் கேட்டது. மீன்காரப் பெண்கள், கண்ணடிக்கிற கண்டக்டர்தான் நன்றாக இருந்தார் என்றார்கள்.

உண்மையான பயம் அதற்கப்புறம்தான் பிடித்தது. நோய் இருந்தபோது இழக்க ஒன்றும் இல்லை. இப்போது இருந்தது. ஒருவேளை தண்ணீராக இருந்தால்? தண்ணீரிலா இவ்வளவும்? அப்படியானால் இது எப்போது வேண்டுமானாலும் விட்டுப்போகும். மருந்தாகவே இருந்தால், அதை நிறுத்திவிட்டால்? ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருக்கும்போது, அதே நோய்க்கு அதே ஊசிக்கு வரும் ஒருவர் பக்கத்தில் உட்காருவார். சேத்தியாத்தோப்புக்காரர். இருவரும் மாறி மாறி, “உனக்குத் தண்ணிதான், மொகத்தப் பாத்தாலே தெரியுது” என்று சொல்லிக்கொள்வார்கள். ஒரு முறை அவர் வரவில்லை. அடுத்த முறையும் இல்லை. சிந்துஜாவிடம் கேட்டபோது அவள் பேச்சை மாற்றினாள். கேன்டீனில் டீ போடுகிறவர்தான் விவரம் சொன்னார்: “அவரு வேற ஏதோ மருந்து சாப்ட்டாராம்யா. கூடாதுல்ல. எடுத்துட்டாங்க போல.”

எடுத்துவிட்டார்கள். பொன்னுரங்கம் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சட்டை முதுகில் காயவே இல்லை. தொண்டை கரகரத்து, இருமல் வந்து, காய்ச்சல் வந்தது. போனை எடுத்து ‘ஊசி சிந்துஜா’ வரை போய் நிறுத்தினார். காய்ச்சல் என்று சொன்னால் வரச் சொல்வார்கள். வேறு மருந்து தர வேண்டும் என்பார்கள். பிறகு சேத்தியாத்தோப்புக்காரர் மாதிரி, நாற்காலி காலியாகும். போனைப் பையில் போட்டார்.

இந்த வழியில் ஓடும் பஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கிப்போய் மருந்து வாங்க அவர்களுக்கு ஏது நேரம்? புதுச்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. படியில் நின்றபடி நெற்றியைத் தொட்டுக் காட்டினால் காய்ச்சல். தொண்டையைத் தொட்டால் இருமல். வயிற்றைத் தடவினால் பேதி. கடைக்காரர் ஞானசேகரன் அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, பஸ் கிளம்புவதற்குள் ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டிவிடுவார். அதற்கு ‘செட்’ என்று பெயர். உள்ளே என்ன மாத்திரை என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, நீளமாக ஒன்று. இரண்டு வேளையில் ஆள் எழுந்துவிடுவார். அதுதான் செட்.

பொன்னுரங்கம் நெற்றியைத் தொட்டார். தொண்டையைத் தொட்டார். கவர் வந்தது.

“சிஸ்டருக்கு போன் போட்டியா மாமா?” என்று மங்கலம் கேட்டாள்.

“போட்டேன். போட்டுக்கலாம்னு சொல்லிச்சு.”

அவள் அவர் முகத்தையே கொஞ்சம் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. செட் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று குழாயடியில் அவர் ஊர் சொல்லவில்லை. மழை என்பது சாக்கு.

மத்தியானம் கடலூர் நிலையத்தில் படியில் ஏறி நின்று தொடங்கினார். முதுநகர், சிப்காட், காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். அதோடு மூச்சு தீர்ந்தது. இருமல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மறு மூச்சில் மீதியைச் சொன்னார். சிப்காட் தாண்டியதும் டிக்கெட் கொடுப்பதுபோல் பின் சீட்டுப் பக்கம் போய், வாய்க்குள்ளேயே மறுபடி சொல்லிப் பார்த்தார். ஆலப்பாக்கம் வரவில்லை. காரைக்காட்டோடு நின்றது. பஸ் முன்னால் போகப் போக அவர் குரல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சார்லஸிடம் ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் செட்டையும் சொல்ல வேண்டும். அடுத்த ஊர் வரை பார்க்கலாம் என்று நினைத்தார். எச்சில் விழுங்க முடியாமல் துண்டால் வாயை ஒற்றிக்கொண்டே இருந்தார். தலை முன்னால் சாய்ந்தது. மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டார்.

ஆலப்பாக்கத்தில் ஆள் ஏறி முடிந்ததும் இரட்டை விசில் கொடுக்க வேண்டும். விசிலை வாயில் வைத்து ஊதினார். உதடு மூடவில்லை. ஓரத்தில் காற்று கசிந்ததே தவிர, சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. பஸ் நின்றுகொண்டே இருந்தது.

“என்னா மச்சான், விசில் எங்க?” என்று கண்ணாடியில் பார்த்த சார்லஸ், உடனே முழுசாகத் திரும்பிப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டே பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் தன் போனைக் கொடுத்து, மங்கலம் என்று இருக்கும் எண்ணைப் போட்டு, புதுச்சத்திரம் ஸ்டாப்புக்கு வரச் சொல்லச் சொன்னார். மங்கலம் ஸ்டாப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் சத்துணவு சமைக்கிறாள்.

புதுச்சத்திரத்தில் கையில் குழம்பு வாசனையோடு அவள் ஏறினாள். பொன்னுரங்கம் முதல் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. சுற்றிலும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அது அவருக்குள் வரத்தான் மறுத்தது.

“என்னா சாப்ட்ட மாமா? என்னா மாத்திர போட்ட?”

அவர் தலையை அசைத்தார். ஒன்றும் இல்லை.

“சிஸ்டர்கிட்ட கேட்டியா, கேக்கலயா? எம் மூஞ்சப் பாத்துச் சொல்லு.”

பின்னாலிருந்து ஒருவர், “எம்மா, எதுவா இருந்தாலும் வண்டி போவட்டும்மா, எனக்குக் கோர்ட்டுல வேல” என்றார். யாரோ அவரை அதட்டி உட்காரவைத்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடை தெரிந்தது. பொன்னுரங்கம் அதைப் பார்த்தார். இப்போது பஸ் நகர்ந்துவிட்டால் அந்தக் கடை பின்னால் போய்விடும். அதோடு, தான் எதை விழுங்கினோம் என்பதும் போய்விடும். கையைத் தூக்கிக் கடையைக் காட்டினார். அதற்கு மேல் கை நிற்கவில்லை. இறங்கி வந்து தொண்டையில் விழுந்தது.

ஞானசேகரன் அதைப் பார்த்துவிட்டார். தொண்டையைத் தொட்டாயிற்று. கத்தரியை எடுத்தார். மங்கலம் ஒன்றும் புரியாமல் நிற்கும்போதே, மழையில் தலைமேல் கை வைத்துக்கொண்டு ஓடிவந்து, ஜன்னல் வழியாக ஒரு காகிதக் கவரை நீட்டினார்.

“நேத்து குடுத்த செட்டுதான் கண்டக்டரே, இன்னும் ரெண்டு வேள போடுங்க, கேட்டுடும்.”

மங்கலம் கவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணே, இத வெட்டுன அட்டையெல்லாம் கொண்டாங்க. பேரு போட்டிருக்கற பக்கம் வேணும்.”

“எதுக்கும்மா, இது எல்லாருக்கும் குடுக்கறதுதான...”

“கொண்டாங்கண்ணே.” அவள் சத்தம் போடவில்லை. ஆனால் ஞானசேகரன் ஓடினார்.

அட்டைகளைப் படம் எடுத்து சிந்துஜாவுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு போன் அடித்தது. சிந்துஜா கேள்வி எதுவும் கேட்கவில்லை. “அக்கா, இனி வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க, தண்ணி கூட வேணாம். படுக்க வெக்காதீங்க. 108-க்கு நான் சொல்லிடறேன், பரங்கிப்பேட்டை வண்டி பி.முட்லூருக்கு வந்துடும். நீங்க நிக்காம அங்க வாங்க.”

சார்லஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நடுவில் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்களும் உட்கார்ந்தே இருந்தார்கள். மங்கலம் கணவரின் மோவாயைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அவர் உதடு அசைவது தெரிந்து காதை வைத்தாள். முது, என்றார். நகர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முது. பிறகு உதடு மட்டும். பி.முட்லூரில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்து நின்றது. ஆக்ஸிஜன் முகத்துக்கு வந்தபோது, அந்தக் காற்றை இழுக்கவும் பலம் வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுதான் அன்றைக்கு அவருக்குக் கடைசி ஞாபகம்.

தொண்டைக்குள் குழாய் போட்டு, இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது. ரத்தத்தை வெளியே எடுத்து, மறிக்கிறவர்களைச் சலித்து நீக்கி, திரும்பச் செலுத்தினார்கள். கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்டது. இயந்திரத்தின் சத்தம் ஒவ்வொரு முறை நிற்கும்போதும், இதுதான் கடைசி என்று நினைத்தார். மறுபடி தொடங்கும்போது, அடுத்தது கடைசி என்று நினைத்தார். மங்கலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

குழாயை எடுத்து, சத்தம் கொஞ்சம் திரும்பிய பிறகு, டாக்டர் இளமதி வந்தார். “காய்ச்சலே இந்த நோயத் தூண்டிவிடும். அதுக்கு மேல நீங்க போட்டதுல ஒண்ணு, நரம்புக்கும் தசைக்கும் நடுவுல இருக்கற கொஞ்ச வழியையும் அடைச்சிடற ஜாதி. அட்டையோட பேரு வந்ததால உடனே தெரிஞ்சுது. எங்க, ஒரே மூச்சில எண்ணுங்க பாக்கலாம்.”

பொன்னுரங்கம் எண்ணவில்லை. “முதுநகர், சிப்காட்,” என்று தொடங்கி, காரைக்காட்டில் நின்றார். காலுக்குப் பக்கத்தில் நின்ற மங்கலத்தின் உதடுகள் ஆலப்பாக்கம் வரை போய்விட்டு மூடிக்கொண்டன.

“டாக்டர், அது தண்ணிதானா?”

“எனக்கு இன்னும் தெரியாது. ஊசிய இப்ப நிறுத்தி வெச்சிருக்கோம். திரும்பக் குடுக்கலாமான்னு ஆய்வு நடத்தறவங்ககிட்ட கேட்டிருக்கோம். பதில் வந்ததும் சொல்றேன்.”

டாக்டர் போன பிறகு சிந்துஜா மட்டும் நின்றாள். அவர் கையால் அவளைக் கிட்டே கூப்பிட்டார். பேசப் பேச குரல் மூக்குக்குள் போனது.

“சொன்னா எடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன் சிஸ்டர். அந்த சேத்தியாத்தோப்புக்காரர எடுத்த மாதிரி.”

சிந்துஜா சலைன் குழாயைச் சரிசெய்தாள். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

“அவரப் பத்தி நான் பேசக் கூடாதுண்ணா. ஆனா சொன்னதுக்காக நாங்க யாரையும் வெளிய அனுப்புனதில்ல. இதுவரைக்கும் ஒருத்தரக் கூட.”

அவள் முகம் திரும்பியே இருந்தது. பொன்னுரங்கத்துக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உனக்குத் தண்ணிதான் என்று சிரித்த ஆள். அவரை யாரும் எடுக்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு ஒரு மருந்துக் கடையின் எதிரே பஸ் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

“அண்ணா, இனிமே எதையும் மறைக்காதீங்க. செட்ட தவிர வேற ஏதாவது போட்டீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“தைலம் தேச்சேன்.”

“சரி.”

“சார்லஸ் ஒரு மிட்டாய் குடுத்தான், தொண்டைக்குச் சப்புறது. ரெண்டு.” மூச்சு வாங்கினார். “மங்கலம் கஷாயம் வெச்சா. மிளகு ஜாஸ்தி. அப்புறம் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருத்தர் பஸ்ஸுல பேரீச்சம்பழம் குடுத்தாரு, துபாய்லேருந்து வந்ததுன்னாரு. அதையும் தின்னேன். அது எழுதணுமா சிஸ்டர்?”

மங்கலம் சிரிக்கவில்லை. சிந்துஜாவும் சிரிக்கவில்லை. “எழுதிக்கிறேண்ணா,” என்று சொல்லி, எழுதிக்கொண்டாள். அவர் அடுத்த மூச்சை இழுத்து, இன்னும் என்ன இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார்.